ஆங்கில வகுப்புக்கு கார்ட்போர்டா, குவெஸ்டா?

போனைச் செருகிப் பார்க்கும் கூகுள் கார்ட்போர்டு 2014-இல் வந்தது. நாமே அந்த இடத்தில் இருப்பதுபோல் காட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடி இது. ஒரு அட்டை, இரண்டு லென்ஸ், அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஓர் அடி முன்னால் வைத்தாலோ எதுவும் நகராது. லண்டன் தெருவின் 360 டிகிரி வீடியோவைப் பார்க்க வைத்து, அப்புறம் அதை ஆங்கிலத்தில் விவரிக்கச் சொல்லலாம். சொல்வளத்துக்கு இது போதும். ஆனால் 2021-இல் கூகுள் இதன் விற்பனையை நிறுத்திவிட்டது. மாணவர்களை மெய்நிகர் சுற்றுலா கூட்டிப்போன அதன் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியும் அதே ஆண்டு போயிற்று.

பேச்சுப் பயிற்சிதான் நோக்கம் என்றால், 2023-இல் வந்த, தலையில் மாட்டும் VR கருவியான மெட்டா குவெஸ்ட் 3 பக்கம்தான் நான் சாய்வேன். நடக்கலாம், கையசைக்கலாம், மைக்கும் உள்ளேயே உண்டு. மெய்நிகர் நேர்முகத் தேர்வு அறையில் எதிரே ஓர் அவதாரம், அதாவது கணினி வரைந்த ஆள், உட்கார்ந்து கேள்வி கேட்கும். கல்லூரி மாணவர்கள் பலரின் வாயைக் கட்டிப்போடுவது இலக்கணம் அல்ல, பக்கத்து பெஞ்சு சிரிக்குமே என்ற கூச்சம். முகம் மறைந்திருக்கும்போது அது கொஞ்சம் தளரும்.

சரி, தொல்லை இல்லையா? அரைக்கிலோ எடை, இரண்டு மணி நேரத்தில் தீரும் சார்ஜ், சிலருக்குத் தலைசுற்றல். அறுபது பேர் வகுப்புக்கு அறுபது வாங்க எந்தத் துறைக்கும் கட்டாது. நாலு வாங்கி, முறை வைத்து மாட்டிவிடலாம். நெற்றி வியர்வையைத் துடைக்கத் துணி மறக்க வேண்டாம்.