ஹோஸ்பிஸ் மலேசியா: அப்பாவுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்

நீளமாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டது, இனி மருத்துவம் பார்த்துப் பெரிய பலன் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில், அதாவது கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில், இருக்கிறீர்கள் என்றால் ஹோஸ்பிஸ் மலேசியாவிடம் போங்கள். காசு வாங்க மாட்டார்கள். ஆனால் கடைசி வாரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள், அப்போது அவர்களால் பாதி வேலைதான் செய்ய முடியும்.

இனி விவரமாக.

ஹோஸ்பிஸ் என்றால், குணமாக்க முடியாத நோயாளியின் வலியையும் சிரமத்தையும் குறைத்துக் கடைசிவரை கவனிக்கும் சேவை. இது 1991ல் தொடங்கிய தொண்டு நிறுவனம். அலுவலகம் செராஸில் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் நினைப்பதுபோல, கட்டில் போட்டு நோயாளிகளை வரிசையாகப் படுக்க வைத்திருக்கும் இடம் இல்லை. டாக்டரும் மிஸியும் (நர்ஸ்) நம் வீட்டுக்கு வருவார்கள். அவ்வளவுதான் சேவையின் சாரம். நீங்களாக நேரே போய்ச் சேர முடியாது, பார்க்கிற டாக்டர் ஒரு கடிதம் எழுதித்தர வேண்டும். அப்பாவுக்கு அரசாங்க மருத்துவமனை டாக்டர் எழுதித் தந்தார். சின்னப் பெண்தான் அந்த டாக்டர், கடிதத்தை நீட்டியபோது அவர் கைதான் நடுங்கியது, அப்பா அமைதியாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். எண்பதைத் தாண்டியவர். நுரையீரலில் புற்று. கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் போயிருந்தது. எங்கள் வீடு செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. நானும் என் மகளும் அப்பாவும். தம்பி சிங்கப்பூரில்.

ஹோஸ்பிஸ் என்ற பேச்சு வந்ததும் குடும்பத்தில் பெரிய ரகளை. "அதுக்குள்ளயா கைவிட்டுட்டீங்க?" என்று தம்பி வீடியோ காலில் கத்தினான். அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்தப் பேரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குமுன் மூச்சுத் திணறி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே ஸ்பெஷலிஸ்ட் என்னை நடைபாதையில் ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளே போய் அப்பாவிடம் "சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம் அங்கிள்" என்று சிரித்தார். தினம் ஒரு ஸ்கேன், தினம் ஒரு ரத்தச் சோதனை. ஏன் என்று கேட்டால் "மானிட்டர் பண்றோம்" என்பார்கள். கடைசியில் ஏஓஆரில், அதாவது எங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று, கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிவந்தோம். அந்த பில்லைக் கட்ட என் நகை போனது.

ஹோஸ்பிஸ் மிஸி முதல் தடவை வந்தபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலாய்க்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். வாசலிலேயே அத்தை அவரை மறித்து, "அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிடாதீங்க" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். மிஸி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில், அப்பாவின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார். பிரஷர் பார்க்கவில்லை, ஃபைலைத் திறக்கவில்லை. "அங்கிள், உங்க உடம்பப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

அப்பாவின் மலாய் ரயில்வே மலாய். முப்பது வருடம் ஒர்க்ஷாப்பில் பேசிப் பழகியது. புற்றுநோய், நுரையீரலில், எலும்பிலும் இருக்கிறது, டாக்டர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்று வரிசையாகச் சொன்னார். அத்தை சமையலறைக்குள் போய்விட்டார். "எதுக்குப் பயப்படுறீங்க?" என்று மிஸி அடுத்து கேட்டார். சாவுக்குப் பயம் இல்லை, மூச்சு முட்டிச் சாகத்தான் பயம் என்றார் அப்பா. மறுபடி ஆஸ்பத்திரி வேண்டாம், தொண்டையில் குழாய் வேண்டாம் என்றார். வீட்டுப் பத்திரம் இன்னும் அம்மா பேரிலும் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்றார். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது, அந்தப் பத்திரத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டுமே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். அதுவரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரும் எல்லோரிடமிருந்தும் மறைத்துக்கொண்டு இருந்தோம். அப்பாவும் எங்களுக்காக மறைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார். எந்த வேட்டி கட்ட வேண்டும், படத்துக்கு எந்த போட்டோ, மேளம் வேண்டாம், லிஃப்ட் சின்னது என்பதால் பெட்டியை எப்படி இறக்க வேண்டும் என்பதுவரை. ஃபிட்டர் புத்தி. லிஃப்டை என் மகளை விட்டு அளக்கச் சொன்னார்.

அடுத்தது மார்பின் என்ற வலி மருந்து. இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன.

"அபின்தானே அது?" என்றார் அத்தை. அபினிலிருந்து எடுப்பதுதான். பழகிப்போய்விடும், மூச்சு நின்றுவிடும் என்று தம்பி கூகிளைப் படித்துவிட்டு லிங்க் லிங்காக அனுப்பினான். டாக்டர் வந்தபோது அவனை ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். பொறுமையாக விளக்கினார். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவோம். வலிக்கு மட்டுமில்லை, இந்த மாதிரி மூச்சுத் திணறலுக்கும் அதுதான் மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. வலி வரும்வரை காத்திருப்பதில்லை, வராமல் இருக்க மணி பார்த்துக் கொடுப்பது. 1967ல் லண்டனில் நவீன ஹோஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் அடித்துச் சொன்ன முறை இது. அவர் முதலில் நர்சாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவராம்.

எங்களுக்கு வந்தது மருந்துநீர். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி வாயோரத்தில் விட வேண்டும். அந்தக் கோடுகள் என் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று சொன்னதும், மிஸி கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து, துண்டு வெட்டி, அளவு வரும் இடத்தில் ஒட்டிக் கொடுத்தார். "பிளாஸ்டர் வரைக்கும் இழுங்க, போதும்." அளவு கூடிய ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டரை நகர்த்தி ஒட்டினார். கூடவே மலமிளக்கி. மார்பின் குடித்தால் மலச்சிக்கல் வரும், அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டும் சேர்த்துத்தான். இதை யாரும் சொல்லாமல் விட்டால் வலியைவிட அது பெரிய கொடுமை. ஒரு பள்ளி நோட்டில் மணியும் அளவும் எழுதச் சொன்னார். என் மகள் மூன்று நிறப் பேனாவில் எழுதினாள்.

அப்பா பழகிப்போகவும் இல்லை, மயங்கிக் கிடக்கவும் இல்லை. ராத்திரி தூங்கினார். காலையில் பேப்பர் கேட்டார். தமிழ் நேசன் 2019ல் நின்றுபோனதிலிருந்து அவருக்கு எந்தப் பேப்பரும் பிடிக்கவில்லை, ஆனாலும் இரங்கல் பக்கத்தைத் திறந்து கறுப்புக் கட்டங்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்ப்பார். செந்தூல் ஆட்களில் யார் முந்திக்கொண்டார் என்று பார்க்கிறாராம்.

சாப்பாட்டுச் சண்டையையும் சொல்ல வேண்டும். கடைசி வாரங்களில் அப்பாவுக்கு எதுவும் இறங்கவில்லை. அத்தை ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டப் பார்ப்பார், அப்பா வாயை இறுக்கிக்கொள்வார். "அண்ணனைப் பட்டினி போட்டுக் கொல்றியாடி?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். டிரிப் போடச் சொல்லிக் கெஞ்சினார். மிஸி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மூடிக்கொண்டு வரும்போது அதற்குச் சாப்பாடு தேவைப்படாது, சாப்பிடாததால் அவர் போகவில்லை, போய்க்கொண்டிருப்பதால்தான் சாப்பிடவில்லை என்றார். அதிகமாக டிரிப் ஏற்றினால் நெஞ்சில் சளியாகத் தேங்கும் என்றும் சொன்னார். வாயை ஈரமாக வைத்திருக்கும் வேலையை அத்தையிடமே கொடுத்தார். பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைக்க வேண்டும், இளநீர் என்றால் இரண்டு சொட்டு. அத்தைக்கு அதன்பிறகு யாரிடமும் சண்டை போட நேரமில்லை.

இத்தனைக்கும் அத்தை தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் லயத்து வீட்டில்தான், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான், எல்லாச் சாவும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கையை விரித்துவிட்டால் பாய் விரித்துப் படுக்க வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கரண்டி பால் ஊற்றுவார்கள். குழந்தைகள் நடுவில் ஓடி விளையாடும். பாட்டி போனதை அத்தையே பலமுறை சொல்லியிருக்கிறார். அதே அத்தைதான் என் மகளைக் "கொஞ்ச நாள் மாமா வீட்டுக்கு அனுப்பு, பிள்ளை பயந்துக்கும்" என்றார். இடைப்பட்ட ஐம்பது வருடத்தில் சாவு ஐசியூவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது, நாமும் மறந்துவிட்டோம். ஒரு வித்தியாசம் உண்டு: பாட்டி கடைசிவரை வலியில் கத்தினாராம். அப்பா கத்தவில்லை. பழைய நாள் எல்லாமே நல்லது என்பவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

என் மகளை நான் அனுப்பவில்லை. தாத்தா உதட்டுக்கு வாஸ்லின் தடவுவது அவள் வேலை.

சரி, இந்தச் சேவையில் எது கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரி யாரும் வந்து உட்கார மாட்டார்கள். ஃபோனில் எந்த நேரமும் ஆள் உண்டு, நடுராத்திரியில் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்திருக்கிறேன். ஆனால் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் வீட்டு ஆள்தான். வீட்டு ஆள் என்றால் யார்? மகள், மருமகள், மனைவி. நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். தம்பி மாதாமாதம் பணம் அனுப்பினான், மறுக்கவில்லை, ஆனால் பணம் வந்து டயப்பர் மாற்றாது. வீட்டில் ஒருவராவது முழுநேரம் இருக்க முடியாத குடும்பம் என்றால், இதை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

காற்று மெத்தையும் ஆக்சிஜன் மெஷினும் ஹோஸ்பிஸிலிருந்தே இரவல் வந்தன. கட்டில் மட்டும் வெளியே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். தலைப்பக்கத்தைத் தூக்கும் கைப்பிடி ஒரு வாரத்தில் கழன்றுவிட்டது. கடைக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்றார். படுத்திருந்த அப்பாவே எந்த ஸ்பேனர் என்று சொல்லி, என்னை வைத்துச் சரிசெய்ய வைத்தார். கட்டில் வாடகைக்கு எடுப்பவர்கள் எடுக்கும்போதே நாலு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

வீட்டில் உயிர் பிரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஹோஸ்பிஸ் முன்கூட்டியே சொல்லிவைத்தது பெரிய உதவி. ஐசியையும் (அடையாள அட்டை) மருத்துவக் கடிதங்களையும் ஒரே உறையில் தயாராக வைக்கச் சொன்னார்கள். பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பெர்மிட் வாங்க வேண்டும். அது இல்லாமல் சுடலையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் ஜேபிஎன் என்ற தேசியப் பதிவு இலாகாவில் மரணப் பதிவு, இறந்தவரின் ஐசியை அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். போலீஸ் நிலையத்தில் இருந்த இளைஞர் கடிதத்தைப் பார்த்ததும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. அழுதுகொண்டே பேப்பர் தேடும் நிலைமை எங்களுக்கு வரவில்லை.

லிஃப்ட் விஷயத்தில் அப்பா கணக்குச் சரி. பெட்டி போகாது. ஆளைத் துணியில் கட்டிப் படி வழியாக இறக்கி, கீழே பந்தலில்தான் பெட்டி.

பெட்டாலிங் ஜெயா பக்கம் இருப்பவர்கள் காசிஹ் (Kasih), அசிசி (Assisi) போன்ற ஹோஸ்பிஸ் அமைப்புகளையும் விசாரிக்கலாம், பினாங்கில் பினாங்கு ஹோஸ்பிஸ் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்கும் என்று இதற்கு ஒரு தேசியக் கொள்கையே போட்டிருக்கிறது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. இன்றைய நிலையில் வீட்டுக்கு வந்து பார்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரித் தொண்டு அமைப்புகள்தான், அவையும் பெரிய ஊர்களைச் சுற்றித்தான். தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கும் என் சித்தப்பா குடும்பத்துக்கு இது கிடைக்காது. அதில் எனக்குக் கோபம் உண்டு.

பணம் வாங்காத சேவை நன்கொடையில்தான் ஓடுகிறது. பதினாறாம் நாள் சாப்பாட்டைச் சின்னதாக வைத்து மிச்சத்தை ஹோஸ்பிஸுக்குக் கொடுக்கலாம் என்றேன். "ஊர் என்ன சொல்லும்" என்று அத்தை, "அக்கா சொல்றபடி செய்யுங்க" என்று தம்பி. இரண்டும் நடந்தது, கேட்டரிங்கும் ஆச்சு, நன்கொடையும் போச்சு. தம்பி கணக்கு.

கடைசியாக ஒரு குறிப்பு. மிச்சமிருக்கும் மார்பினைக் குப்பையில் போடாதீர்கள், தெரிந்தவர்களுக்கு உதவும் என்று எடுத்து வைக்கவும் வேண்டாம். மெத்தை, மெஷின் இரவலைத் திருப்பும்போதே அதையும் கொடுத்துவிடுங்கள். மெத்தை, மெஷினைத் துடைத்து, ஒயரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குச் சீக்கிரம் போகும்.