போனது ஒரு காயில், பில் நான்குக்கு

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய ஐரோப்பிய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் கம்பெனி சர்வீஸ் நிலையத்தின் விலைக்குப் பயந்து வெளிப் பட்டறைகளை நம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியை வேலைக்கு விடுங்கள். இன்ஜினில் பெட்ரோலை எரிக்கப் பொறி தரும் ‘காயில்’ என்ற பாகம் ஒன்றே ஒன்று போனதற்கு, ஒரு பட்டறையில் 31,400 ரூபாய் கட்டிவிட்டு எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

என்னுடையது 2010ஆம் ஆண்டு வண்டி. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர், 92,000 கிலோமீட்டர். மைத்துனர் வெளிநாடு போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது என்று மனைவி சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவ்வளவு இழுவை உள்ள வண்டியை அந்த விலைக்கு யார் கொடுப்பார்கள்?

ஜனவரியில் ஒரு காலை, அம்மாவைக் கண் பரிசோதனைக்குத் தாம்பரம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி உதறத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்னே போகாமல் திணறுகிறது. மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. பின்னால் மணல் லாரி. அம்மா கந்தசஷ்டிக் கவசத்தை ஆரம்பித்துவிட்டார். எப்படியோ இறங்கி ஓரமாக நிறுத்தினேன். நின்ற இடத்தில் இன்ஜின் ஓரளவு ஒழுங்காகவே ஓடியது. ஏற்றத்தில்தான் தகராறு.

இதற்குப் பெயர் மிஸ்ஃபயர், பட்டறை மொழியில் ‘மிஸ்ஸிங்’. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது. இந்த வகை இன்ஜினில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, பிளக் முனையில் பொறி பாய வைப்பது அதன் வேலை. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடப் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். ஏற்றத்தில் டர்போ காற்றைத் திணிக்கும்போது அழுத்தம் எகிறும். வெப்பத்தில் மின்காப்பு விரிசல் விட்ட காயில் அப்போதுதான் கைவிடும். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காயில் சில ஆயிரம். கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டால் காரையே விற்கத் தோன்றும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று ஒன்றும் தெரியாது.

வண்டியைக் கட்டி இழுத்து, எங்கள் பகுதியில் ‘ஐரோப்பிய கார் நிபுணர்கள்’ என்று பெரிய பலகை வைத்திருக்கும் பட்டறையில் விட்டேன். குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், காபி இயந்திரம். கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் இளைஞர் என்னை வண்டியருகே அழைத்துப் போய், என் கண்முன்னாலேயே காயில்களைக் கழற்றி, மல்டிமீட்டர் முனைகளை ஒவ்வொன்றின் ஊசிகளிலும் வைத்துக் காட்டினார். “பாருங்கள் சார், நான்கிலும் ரீடிங் இல்லை. நான்கும் போய்விட்டன.” திரையைப் பார்த்தேன். உண்மைதான், ரீடிங் இல்லை. கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

கோயம்பேட்டில் கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுகிறவன் நான். அங்கே காபியைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். காயில் நான்கு, தலா 4,600. இரிடியம் பிளக் நான்கு, தலா 1,250. இன்ஜெக்டர் சுத்தம் 3,500, த்ராட்டில் சுத்தம் 1,500, கூலி 3,000. மறுநாள் வண்டி வெண்ணெய் போல ஓடியது. பழைய காயில்களைக் கேட்டேன். “குப்பைக்குப் போய்விட்டது சார்” என்றார்கள். அவற்றைத் தரும்வரை அங்கேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

சரியாகப் பத்தொன்பதாவது நாள், மதுரவாயல் புறவழிச்சாலையில் அதே உதறல், அதே மின்னும் விளக்கு. திரும்பவும் அதே பட்டறை. இந்த முறை இளைஞர் இல்லை, மேலாளரே வந்தார். இன்ஜின் கணினியில் பதிவான பிழையைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு, பி0302 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டினார். கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். “போன முறையும் இரண்டாவதுதான் சார். புதுக் காயில் போட்டும் அதே சிலிண்டரில் வருகிறது என்றால் காயில் மேல் தப்பில்லை. இன்ஜின் கணினி அந்தச் சிலிண்டருக்குச் சிக்னல் அனுப்பவில்லை. கணினியை மாற்ற வேண்டும். 68,000 ஆகும்.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். போன முறை ஒரே ஒரு சிலிண்டர்தான் என்றால் நான்கு காயில் எதற்கு என்று எனக்குத் தோன்றியது, ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்தது மட்டும்தான் இந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அலுவலக நண்பர் ஒருவர் புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். பலகை கிடையாது, காபி கிடையாது, நான்கு வண்டி நிற்கவே இடம் கிடையாது. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “மல்டிமீட்டரா வைத்தார்கள்?” என்று மட்டும் திரும்பக் கேட்டார். பிறகு என் காயிலின் சாக்கெட்டைக் காட்டினார். நான்கு ஊசி. இந்த வகைக் காயிலுக்குள்ளேயே ஸ்விட்ச் வேலை செய்யும் மின்னணுப் பகுதி இருக்கிறது. பழைய வண்டிகளின் காயிலில் ஓம் (மின்தடை) பார்ப்பது போல இதில் பார்க்க முடியாது. நல்ல காயிலிலும் அந்த ரீடிங் வராது. கடையில் இருந்த புத்தம்புதுக் காயில் ஒன்றில் மீட்டரை வைத்துக் காட்டினார். அதிலும் ஒன்றும் வரவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் செய்த சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்ஜின் ஆறியதும் சாவியை அணைத்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டார். கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை அழித்தார். “எழும்பூர் வரை ஒரு சுற்றுப் போய் வாருங்கள், காந்தி இர்வின் பாலத்தில் நன்றாக அழுத்தி ஏறுங்கள்” என்றார். ஏறினேன். உதறியது. திரும்பி வந்து ஸ்கேனரைப் போட்டால் பி0303. நோய் காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. கணினியோ ஒயரிங்கோ கெட்டிருந்தால் இரண்டிலேயே நின்றிருக்கும். காயிலை மாற்றியும் குறியீடு நகரவில்லை என்றால், அடுத்து பிளக்கை மாற்றிப் பார்ப்பார்களாம். அதுவும் இல்லையென்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை என்று போக வேண்டும். 68,000 ரூபாய்க் கேள்விக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் விடை கிடைத்துவிட்டது.

பிறகு பிளக் பார்ப்பதற்காக நான்கு காயில்களையும் வெளியே எடுத்தார். நான்கையும் வரிசையாகத் துணியில் வைத்துத் துடைத்தார். மூன்றில் காயில் உடம்பிலேயே 2010 என்று அச்சு இருந்தது. வண்டியோடு பிறந்த காயில்கள்! அவற்றுக்குத்தான் தலா 4,600 கட்டியிருக்கிறேன். மாற்றியிருந்தது ஒன்றே ஒன்று, அதிலும் கம்பெனிப் பெயர் சுரண்டப்பட்டிருந்தது. எங்கோ கழற்றிய பழையது. அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தது. கனெக்டரின் பூட்டு உடைந்து, கேபிள் டையால் கட்டியிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் போல ஆகிவிடும், பொறுமையில்லாமல் இழுத்தால் உடையும் என்றார் பாய்.

பிளக்குகள்? இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசி போல மெல்லியதாக இருக்கும். என்னுடையவை மொட்டையாக, மழுங்கி, பழைய கரியோடு இருந்தன. இடைவெளி அளக்கும் தகடை விட்டுப் பார்த்தார். இந்த இன்ஜினுக்கு 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.2 இருந்தது. இடைவெளி அகன்றால் பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அந்தச் சுமை முழுவதும் காயில் மேல். அரை உயிரோடு வந்த அந்தக் காயில் பத்தொன்பது நாள் தாங்கியதே பெரிது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையில் பில்லோடு ஒரு காயில் 2,900, நான்கு பிளக் 2,080, பாயின் கூலி 600. மொத்தம் 5,580 ரூபாய்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு காயிலையும் சேர்த்து மாற்றச் சொல்வதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நான்குக்கும் ஒரே வயது, ஒரே சூடு. ஒன்று போனால் மற்றவை பின்தொடரலாம். கையில் பணம் இருந்தால் மாற்றிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் நான்கையும் சொல்கிறவரிடமும், இன்ஜின் ஓடும்போதே காயிலைப் பிடுங்கிப் பார்க்கிறவரிடமும் வண்டியை விடாதீர்கள். பின்னது அவருக்கு ஷாக், உங்கள் கன்வெர்ட்டருக்கு எரியாத பெட்ரோல். வேலைக்கு விடும் முன்பே நான்கு காயிலையும் அச்சு எண் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்று எஸ்டிமேட் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாய் கழற்றிய காயில்களின் படங்களோடு பழைய பட்டறைக்குப் போனேன். மேலாளர் முதலில் மறுத்தார், பிறகு “பையன் தவறு செய்துவிட்டான்” என்றார், பிறகு இரண்டு காயிலின் விலையான 9,200 ரூபாயை நீட்டி, அடுத்த சர்வீஸில் தள்ளுபடி என்றார். வாங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், என்னிடம் இருப்பது பில்லே இல்லை. ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் தாள். முறையான பில் தராததையே முறையற்ற வணிக நடவடிக்கையாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன், பிறகு மாவட்ட ஆணையத்தில் மனு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பணம் கட்டியதற்கு வங்கிப் பரிமாற்றம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

சாட்சியம் எழுதிக் கொடுக்கப் பாய் முதலில் தயங்கினார். “நாளைக்கும் இதே தொழிலில்தானே இருக்க வேண்டும், தம்பி.” வற்புறுத்தவில்லை. கூலிக்கு ரசீது மட்டும் கேட்டேன். எழுதி, மடித்து, கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், 600 ரூபாய்க்குக் கீழே இன்னொரு வரி: “1 காயில் மாற்றியது. மற்ற 3 காயில் 2010, பழையது.” கீழே தேதியும் கையெழுத்தும். மனுவோடு அதைத்தான் முதல் ஆவணமாக இணைத்திருக்கிறேன்.