வாள் உடைந்தால் உடையட்டும்

2017இல் செல்டா வரிசை வீடியோ கேமான 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' வந்தபோது அதிகம் திட்டு வாங்கியது அதில் ஆயுதங்கள் உடைகிற விஷயம்தான். நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் அதை முடித்து, சில வருடம் கழித்து முதலிலிருந்து மறுபடி ஆடி, அப்புறம் அதன் அடுத்த பாகமான 2023இன் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' பக்கமும் போய் வந்துவிட்டேன். இப்போது கேட்டால், உடைவதில் எனக்குக் குறையே இல்லை. உடைந்துவிடுமே என்று நல்ல ஆயுதத்தைத் தொடாமல் வைத்திருப்பதுதான் ஆட்டத்தைக் கெடுக்கிறது. லைனெல் என்ற முரட்டு எதிரியிடம் பறித்த வாள், பீரோவில் தூங்கும் பட்டுப்புடவை மாதிரி கடைசி வில்லன் கனானுக்காகக் காத்திருக்கும். அவனோ மாஸ்டர் சோர்டு என்ற விசேஷ வாளிலேயே செத்துப்போவான்.

ஆட்டத்தில் அவ்வப்போது வரும் பிளட் மூன் என்ற சிவப்பு நிலா வந்தால் செத்த எதிரிகள் திரும்ப வருவார்கள், அவர்களுடைய ஆயுதங்களும் கூடவே வரும். இது மனதில் பதிந்த பிறகு நான் எதையும் சேர்த்து வைப்பதில்லை. வாள் உடையப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததும் எதிரி மேல் எறிந்தால் இரண்டு மடங்கு அடி விழும். எறிந்த கையோடு ஓடிப்போய், போகோப்ளின் என்ற சில்லறை எதிரி நழுவவிட்ட கதாயுதத்தை எடுத்து அவனையே சாத்தலாம். உடையாத வாளோடு இந்த ஓட்டம் இருக்காது. மாஸ்டர் சோர்டுகூட உடையாதே தவிர, சக்தி தீர்ந்தால் 10 நிமிடம் கைக்கு வராது. நல்லவேளை, போட்டிருக்கும் உடுப்புக்குத் தேய்மானம் இல்லை. அதையும் வைத்திருந்தால் நான் பாதியிலேயே விட்டிருப்பேன்.

ஓட, மலை ஏறத் தேவையான தெம்பு, அதாவது ஸ்டாமினா விஷயத்தில் என் கட்சி எப்போதும் ஒன்றுதான். ஆட்டத்தில் பரிசாகக் கிடைக்கும் ஸ்பிரிட் ஆர்ப் நான்கு கொடுத்தால், உயிரைக் கூட்டும் ஒரு இதயம், அல்லது ஸ்டாமினா வளையத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முதலில் வளையத்தையே வாங்குங்கள். இதயம் கூடினால் அடி தாங்கலாம், அவ்வளவுதான். வளையம் பெரிதானால் எட்டாமல் இருந்த மலையெல்லாம் எட்டும். மாஸ்டர் சோர்டை உருவ 13 இதயம் வேண்டுமே என்றால், ஹடீனோ கிராமத்துக் கொம்புச் சிலையிடம் வளையத்தைக் கொடுத்து இதயமாக மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்துப் பணமான ரூபியில் 100க்கு வாங்கிக்கொண்டு 120க்கு விற்கும் வியாபாரி அது. மூன்று வளையமும் முழுதாக வேண்டுமென்றால் இதயம் 27இல் நின்றுவிடும், 30 கிடைக்காது.

மழையை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. பாதி மலையில் தூறல் விழுந்தால் கை வழுக்கும், வளையம் கரையும். ஒண்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

'டியர்ஸ்' மழை, ஆயுதம் உடைவது இரண்டையும் தொட்டிருக்கிறது. வழுக்கலைக் குறைக்கத் தவளை உடுப்பு உண்டு. ஃபியூஸ் என்ற வசதியால் எதையாவது ஆயுதத்தில் ஒட்டினால் அது உழைக்கும் அளவு 25 புள்ளி கூடும். அடியின் பலமும் பெரும்பாலும் ஒட்டிய எதிரியின் கொம்பிலிருந்துதான் வருகிறது. அதனால் உடைந்த வாளுக்காக யாரும் அழ வேண்டியதில்லை. டெத் மவுண்டன் மலைப் பக்கத்து ஆக்டோராக் என்ற பிராணி முன்னால் தேய்ந்த வாளைப் போட்டால் உறிஞ்சிச் சரிசெய்து துப்பும். இங்கே மாஸ்டர் சோர்டை உருவ இதயம் வேண்டாம், முழு இரண்டு வளையம் வேண்டும். என் கட்சி ஜெயித்துவிட்டது! ஆனால் ஒவ்வொரு அம்பிலும் எதை ஒட்டுவது என்று ஒரு நீளப் பட்டியலைத் துழாவுவது அலுப்பு.

மற்ற ஆட்டங்களில் தேய்மானம் எனக்கு ஒட்டவில்லை. 'விட்சர் 3'இல் அது ரிப்பேர் செலவு, அவ்வளவே. 'டார்க் சோல்ஸ் 2'இன் பிசி பதிப்பில் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும்படி ஆடினால் ஆயுதம் இரு மடங்கு வேகமாகத் தேய்ந்தது. அந்தக் கோளாறை 2015இல்தான் சரிசெய்தார்கள். அதைச் செய்த அதே நிறுவனம் 2022இன் 'எல்டன் ரிங்'கில் தேய்மானத்தையே எடுத்துவிட்டது. அதில் சண்டை இல்லாத நேரத்தில் ஓடினால் ஸ்டாமினாவும் குறையாது. நிம்மதி.

இப்போது 'பிரெத்'தை அதன் கடினமான மாஸ்டர் மோடில் ஆடிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் விட்டால் எதிரியின் உயிர் திரும்ப ஏறிவிடுகிறது, அதற்குள் என் கையில் மூன்றாவது வாள் உடைகிறது. 2017இல் திட்டியவர்களோடு இந்த மோடில் மட்டும் நானும் சேர்ந்துகொள்கிறேன்.