சைலன்சருக்குப் பணம் கட்டியாயிற்று, ஃபார்ம் 4 எப்போது வரும்? ஏடிஎஃப் இ-ஃபார்ம்ஸ் சேவை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்குவது இரண்டு வேலை. கடையில் பணம் கட்டுவது ஒன்று. அதை ஃபெடரல் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு மாற்றுவது இன்னொன்று. முதல் வேலை அரை மணியில் முடிந்துவிடும். இரண்டாவது முடியும்வரை பொருள் டீலரின் பெட்டகத்தை விட்டு நகராது. அந்தப் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம்தான் ஃபார்ம் 4. அதை இணையத்தில் வாங்கிக்கொள்ளும் தளம்தான், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப் நடத்தும் இ-ஃபார்ம்ஸ்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: இ-ஃபார்ம்ஸுக்கு ஐந்துக்கு மூன்றரை. அதே வேலையைக் காகிதத்தில் செய்தால் ஒன்று. இப்போதைய நிலையில் காத்திருப்பு நீள்வதற்குப் பெரும்பாலும் காரணமாவது விண்ணப்பத்தோடு உள்ளே போகும் தகவல்களின் பிழைதான். அவற்றில் அதிகமானவை டீலரின் மேசையிலேயே பிடித்துத் திருத்தக்கூடியவை.

சைலன்சரைப் பதிவு செய்யும் இந்த முறை 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்திலிருந்து (என்எஃப்ஏ) வருவது. அப்போது வைத்த 200 டாலர் வரி தொண்ணூறு வருடத்துக்கு மேல் மாறாமலே இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன் ஆகியவற்றுக்கு அதைப் பூஜ்ஜியமாக்கியது. இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டாலர் அப்படியே நீடிக்கிறது. வரி போனதும் பதிவும் போய்விட்டது என்று நம்பிக் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு, கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் இன்னும் உண்டு. பதிவில்லாமல் கையில் வைத்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள ஃபெடரல் குற்றம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், ஹவாய், டெலவேர், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களில் சாதாரணக் குடிமக்கள் சைலன்சர் வைத்திருக்கவே முடியாது. அங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சேவையால் பயனில்லை.

ஃபார்ம் 4-க்கான மின்வழி 2021 டிசம்பரில் மீண்டும் திறந்தது. அதற்கு முன் காகிதம் வெஸ்ட் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள என்எஃப்ஏ பிரிவின் வரிசையில் மாதக்கணக்கில் கிடக்கும். வருடத்தை நெருங்கியதும் உண்டு. மின்வழி வந்த பிறகும் முதல் இரண்டு வருடம் பெரிய நிம்மதி கிடைக்கவில்லை. 2024 தொடக்கத்தில்தான் நிலைமை மாறியது. தனிநபர் விண்ணப்பங்கள் சில நாளிலேயே திரும்பத் தொடங்கின. வரி பூஜ்ஜியமான 2026 ஜனவரியில் விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. ஆகவே நண்பர் ஒருவருக்கு நாலு நாளில் வந்தது என்ற கணக்கை நம்பி வேட்டைப் பருவத்தைத் திட்டமிடாதீர்கள். சராசரி நாட்களை ஏடிஎஃப் தன் தளத்தில் வெளியிடுகிறது. அதில் தனிநபர், டிரஸ்ட் (பலர் சேர்ந்து வைத்திருக்க உதவும் சட்ட அமைப்பு), காகிதம் என்று தனித்தனி வரிசை இருக்கும். உங்களுக்கு உரிய வரிசையைப் பாருங்கள். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ஒழுங்கும் கிடையாது. எஃப்பிஐ சோதனை சுத்தமாக முடிந்தவர் பின்னால் வந்தாலும் முந்திக்கொள்வார்.

வேலை நடக்கும் விதம் இது. நீங்கள் கேட்ட மாடல் டீலரிடம் இல்லையென்றால், முதலில் அது டீலருக்கு டீலர் மாற்றும் படிவமான ஃபார்ம் 3 வழியாக உங்கள் மாநில டீலரின் பெயருக்கு வர வேண்டும். அது முடியாமல் ஃபார்ம் 4 தொடங்காது. "ஆர்டர் போட்டு ஒரு மாதமாகிறது, இன்னும் அனுமதி வரவில்லை" என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு ஃபார்ம் 4 சமர்ப்பிக்கப்பட்டே இருக்காது. டீலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஃபார்ம் 3 வந்துவிட்டதா, சீரியல் எண் என்ன?" பொருள் கையிருப்பில் உள்ள டீலரிடம் வாங்கினால் இந்தக் கட்டமே இல்லை. வெளி மாநிலக் கடையில் இருபது டாலர் மலிவாகக் கிடைப்பதைவிட இது மேல்.

அடுத்து, இ-ஃபார்ம்ஸில் உங்களுக்கென்று ஒரு கணக்கும் பின் எண்ணும் வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்பே இரண்டையும் தயார் செய்துகொள்ளுங்கள். டீலர் தன் கணக்கில் வரைவைத் தொடங்குவார். நீங்கள் உங்கள் பின்னைப் போட்டு உறுதி செய்ய வேண்டும், பிறகு அவர் தன் பின்னைப் போட வேண்டும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தளம் வெளியே தள்ளிவிடும், சேமிக்காதது போய்விடும். கூட்டம் அதிகமான நாட்களில் தளம் தவழும். நான் மதிப்பெண்ணைக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னைப் போடுவதற்கு முன் திரையில் உள்ளதைப் பொருளோடு வைத்து ஒப்பிடுங்கள். குழாயில் பொறித்த சீரியல் எண்ணை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்ஜியமும், ஐ எழுத்தும் ஒன்றும் மாறி விழுவதுதான் மிகப் பழைய, இன்னும் தீராத பிழை. மாடல் பெயரும் காலிபரும் (தோட்டா அளவு) தயாரிப்பாளர் பதிவு செய்த விதத்திலேயே இருக்க வேண்டும், விளம்பரத்தில் உள்ள செல்லப்பெயர் கூடாது. பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் ஏடிஎஃப் பரிசோதகர் திருத்தத்துக்கு நிறுத்துவார், அல்லது நிராகரிப்பார். நிராகரித்தால் மறுபடி முதலிலிருந்து.

கைரேகைக்கு இரண்டு வழி. இஎஃப்டி என்ற மின்கோப்பை நேராகப் பதிவேற்றலாம். அல்லது எஃப்டி-258 அட்டை இரண்டில் மை வைத்து எடுத்து, சமர்ப்பித்த பின் வரும் முகப்புத்தாளோடு பத்து வேலைநாளுக்குள் அஞ்சலில் அனுப்பலாம். மின்கோப்பையே தேர்ந்தெடுங்கள். அட்டை அஞ்சலில் போய், அங்கே பிரிக்கப்பட்டு, உங்கள் கோப்போடு சேரும்வரை எதுவும் நகராது. முகப்புத்தாள் இல்லாமல் அனுப்பினால் யாருடைய அட்டை என்றே தெரியாமல் கிடக்கும். ரேகை தேய்ந்த கை, உலர்ந்த தோல், சிமென்ட் வேலையும் தோட்ட வேலையும் செய்த விரல் என்றால், எடுப்பதற்கு முந்தின சில நாள் இரவில் கையில் கிரீம் தடவி வாருங்கள். எடுக்கும் நேரத்தில் கை காய்ந்திருக்க வேண்டும். இஎஃப்டி கோப்பை அழிக்காமல் வையுங்கள், அடுத்த விண்ணப்பத்துக்கும் உதவும். புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், ஒரு வருடத்துக்குள் எடுத்தது.

தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல்பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல்பெயர் தெரியாது) என்று விழும். பிறகு ஓட்டுநர் உரிமத்தில் ஒரு விதம், கிரீன் கார்டில் ஒரு விதம், குடியுரிமைச் சான்றிதழில் அப்பா பெயரை விரித்து வேறொரு விதம். ஃபார்ம் 4, கைரேகைக் கோப்பு, பொருளை எடுக்கும்போது காட்டும் அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் இன்ஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்று போகாதீர்கள். உங்கள் மாநில அடையாள அட்டையில் உள்ளதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பழைய எஃப்என்யு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே மாநில அலுவலகத்தில் திருத்திவிடுங்கள். வேறு பெயரில் முன்பு அறியப்பட்டிருந்தால் எஃப்டி-258 அட்டையில் அதற்கென்றே கட்டம் இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் வேறொருவரோடு ஒத்துப்போய் எஃப்பிஐ சோதனை ஒவ்வொரு முறையும் தாமதமாகிறவர்கள், எஃப்பிஐயிடம் தன்விருப்ப மேல்முறையீட்டுக் கோப்பு திறந்து யூபின் என்ற தனி அடையாள எண் பெற்றுக்கொள்ளலாம். அடுத்தடுத்த துப்பாக்கிக் கொள்முதலிலும் அது கைகொடுக்கும்.

விசா நிலை இதைவிட முக்கியம். கிரீன் கார்டு உள்ளவர் தன் ஏலியன் எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவருக்கு ஃபெடரல் சட்டம் துப்பாக்கியைத் தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு. அதிகம் பயன்படுவது செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். பலர் கவனிக்காதது: பொருளை எடுக்கும் நாளில் கடையில் நிரப்பும் 4473 படிவத்திலும் இதே கேள்வி வருகிறது. டெக்சஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஜூலையில் விண்ணப்பித்து செப்டம்பரில் அனுமதி வந்தால், உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விசாவில் இருப்பவர்கள் பணம் கட்டுமுன் இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிடுவது செலவல்ல. இதில் தவறினால் குடியுரிமைக் கனவே போய்விடும்.

தனிநபரா, டிரஸ்டா? வேகத்துக்குத் தனிநபர். ஆனால் தனிநபர் பதிவில் அந்த ஒருவர்தான் வைத்திருக்கலாம். நீங்கள் ஊரில் இல்லாதபோது மனைவியிடம் பெட்டகச் சாவி இருப்பதுகூடச் சட்டச் சிக்கலாகலாம். கணவனும் மனைவியும் தனித்தனியே பயன்படுத்துவதாக இருந்தால் டிரஸ்ட்தான் சரி. விலை என்னவென்றால், டிரஸ்டில் பொறுப்புள்ள ஒவ்வொருவரும் 5320.23 படிவம், புகைப்படம், கைரேகை தர வேண்டும்; ஒருவரின் சோதனை நின்றால் எல்லோருக்கும் நிற்கும். டிரஸ்ட் ஆவணத்தை முழுதாகப் பதிவேற்றுங்கள். நோட்டரி பக்கமும், பின்னால் செய்த திருத்தங்களும் விடுபட்டுத் திரும்பியவை ஏராளம். கடந்த 24 மாதத்துக்குள் அதே டிரஸ்டுக்கு அனுமதி கிடைத்து, ஆவணம் மாறாமல் இருந்தால் அதையே சான்றாகச் சொல்லலாம். மச்சான், சகலை, நண்பர் என்று ஆறு பேரைச் சேர்த்துவிட்டு, ஆறு பேரின் கைரேகைக்கு அலைவது தேவையில்லாத வேலை. முதலில் இருவரோடு நிறுத்துங்கள், மற்றவர்களைப் பிறகு சேர்க்கலாம்.

சமர்ப்பித்ததும் உங்கள் ஊர் காவல்துறைத் தலைவர் அல்லது ஷெரிஃபுக்கு ஒரு நகல் போக வேண்டும். 2016 ஜூலை 13-க்கு முன் தனிநபருக்கு அவருடைய கையெழுத்தே தேவைப்பட்டது. இப்போது தகவல் மட்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதன் பிறகு தளம் வாய் திறக்காது. "சமர்ப்பிக்கப்பட்டது, பரிசீலனையில்" என்ற ஒரே வரி அனுமதி வரும் நாள்வரை இருக்கும். எஃப்பிஐயிடம் நிற்கிறதா, பரிசோதகரிடம் நிற்கிறதா, கைரேகை போய்ச் சேர்ந்ததா என்று காட்டாது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான். வெளியான சராசரியைப்போல இரு மடங்கு நாளாகியும் அசைவில்லை என்றால் என்எஃப்ஏ பிரிவுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். சீரியல் எண்ணும் சமர்ப்பித்த தேதியும் கையில் இருக்கட்டும். வாரம் ஒரு முறை கேட்பதால் கோப்பு நகராது.

காத்திருக்கும் நாளில் செய்ய உருப்படியான வேலை இருக்கிறது. குழலின் முனைத் திருகைச் சரிபாருங்கள்: 5.56 காலிபருக்குப் பொதுவாக அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 திருகு; .308 காலிபருக்கு ஐந்தெட்டு அங்குல விட்டம், 24 திருகு. சைலன்சரைக் குழலில் மாட்டும் பாகமான மவுண்டை இப்போதே வாங்கிப் பூட்டுங்கள். அலைன்மென்ட் ராட் என்ற நேரான கம்பியைக் குழலுக்குள் போட்டுக் குழலும் சைலன்சரும் நேர்க்கோட்டில் இருக்குமா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம், பொருள் டீலர் கையில் இருக்கும்வரை. கோணலாக இருந்தால் தோட்டா சைலன்சரின் உள்தகட்டில் இடிக்கும். வளாகத்திலேயே சுடுதளம் உள்ள சில டீலர்கள் தங்கள் கண்காணிப்பில் அங்கே சுட்டுப் பார்க்கவும் விடுவார்கள்.

அனுமதி வந்ததும் கடையில் 4473 படிவம் நிரப்ப வேண்டும். அடையாள அட்டையில் உள்ள முகவரி இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் வாகனப் பதிவு போன்ற அரசு ஆவணம் ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள். காத்திருக்கும்போது வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் விண்ணப்பம் அப்படியே உங்களைப் பின்தொடராது: ரத்து செய்து, புதிய மாநில டீலருக்கு ஃபார்ம் 3-ல் பொருளை அனுப்பி, ஃபார்ம் 4-ஐ மறுபடி போட வேண்டும். வேலை மாற்றம் உறுதியாகும்போல் இருந்தால் கொள்முதலைத் தள்ளிப்போடுங்கள். வீட்டுக்கு வந்த பின் அனுமதிப் படிவத்தின் நகல் ஒன்றைத் துப்பாக்கிப் பையிலும், ஒன்றைத் தொலைபேசியிலும் வையுங்கள்; ஏடிஎஃப் கேட்டால் காட்டும் கடமை உங்களுடையது. சைலன்சரை மாநிலம் கடந்து கொண்டுபோக முன்அனுமதி வேண்டாம். குட்டைக் குழல் ரைஃபிளுக்கு 5320.20 படிவத்தில் முன்அனுமதி வேண்டும்.