டெல்டா ஈரத்தில் 20 போர், 16 போர் ஓவர்-அண்டர் துப்பாக்கி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் 12 போர் (போர் என்பது குழல் வாயின் அளவு) பக்கவாட்டு இரட்டைக்குழல்தான். அதை விட்டுவிட்டு 20 போரோ 16 போரோ, அதுவும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குழல் வைத்த ஓவர்-அண்டர் எடுக்க நினைக்கிறவர்கள் அடி எப்படி, தூரம் எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது தோட்டாவை.

உள்நாட்டில் பரவலாகக் கிடைப்பது 12 போர் தோட்டா மட்டும். 20 போர் சில கடைகளில் எப்போதாவது வரும். வந்த ரவை நம்பரைத்தான் (தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகளின் அளவு) எடுத்துக்கொள்ள வேண்டும். 16 போர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். திருச்சி, மதுரை, சென்னைக் கடைகளுக்குப் போன் போட்டு, இன்றைக்கு இருப்பு எத்தனை, போன வருடம் எத்தனை முறை சரக்கு வந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் துப்பாக்கிக்கு விலை பேசுங்கள். லைசென்ஸில் என்ன போர் எழுதியிருக்கிறதோ அந்தத் தோட்டாதான் தருவார்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதில் ஒன்றை, தோட்டா கிடைக்காத போருக்குக் கொடுக்கலாமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்கென்று வாங்குவதாக இருந்தால் வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நம் வயலில் இறங்கும் சிறவி, உள்ளான், நாமக்கோழி, மடையான் எதையும் சுட முடியாது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளுக்கு அந்தப் பறவைகளால்தான் பெயரே. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியாக இருந்தாலும், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் அனுமதி தராமல் கை வைக்கக் கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, அந்த அனுமதி வேறு. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் ரைஃபிள் கிளப்பில் காற்றில் எறியும் களிமண் தட்டைச் சுடுகிற உபயோகத்தை வைத்துத்தான். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் 20 போரைப் புகழ்வது அவர்கள் ஊர்ப் பறவை, அவர்கள் ஊர்ச் சட்டத்துக்கு.

போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைக் குழல் வாய்க்குச் சரியான உருண்டைகளாக வார்த்தால் எத்தனை வரும் என்ற கணக்கு. 12 போருக்கு உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 போருக்கு 16.8, 20 போருக்கு 15.6. எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகும்.

"20 போர் உதைக்காது" என்பது பாதி உண்மை. 12 போர் ஓவர்-அண்டர் மூன்றேகால் கிலோ இருந்தால், 20 போர் இரண்டே முக்கால் கிலோவில் வந்துவிடும். ரவை எடையைப் போல் 96 மடங்காவது துப்பாக்கி எடை இருக்க வேண்டும் என்று பழைய துப்பாக்கிக் கைவினைஞர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 28 கிராம் ரவைக்கு அது ஏறக்குறைய 2.7 கிலோ. 20 போரில் 28 கிராம் போட்டால் எல்லையில் நிற்கிறீர்கள். 24 கிராம் போட்டால் தோள் நிம்மதியாக இருக்கும். அதே 24 கிராமை மூன்றேகால் கிலோ 12 போரில் போட்டால் இன்னும் நிம்மதி, தோட்டாவும் கிடைக்கும். உதைக்குப் பயந்து மட்டும் 20 போர் எடுக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒல்லியான உடல்வாகு, சின்னக் கை, நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய அவசியம் இருந்தால் 20 போர் நியாயம். லேசான குழலில் இன்னொரு சிக்கல்: வேகமாகத் திரும்பும், அதே வேகத்தில் நின்றும் போகும். தட்டைத் துரத்தி வந்த கை, விசை இழுக்கும் நொடியில் நின்றுவிட்டால் ரவை தட்டுக்குப் பின்னால் போகும். 28 அங்குலக் குழலுக்குக் குறையாமல் எடுத்தால் இது ஓரளவு அடங்கும்.

16 போரின் பெருமை, 28 கிராம் ரவைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும் குழல். 12 போரின் வேலையை 20 போரின் உடம்பில் செய்யும் என்பார்கள். ஆனால் கையில் கிடைக்கும் பழைய 16 போர் சிலவற்றில் பாடி (குழல் பொருந்தும் இரும்பு உடல்) 12 போருடையது, குழல் மட்டும் 16. எடையும் 12 போரைப் போலவே இருக்கும். அப்படி ஒன்றை வாங்கினால் மிஞ்சுவது தோட்டாப் பஞ்சம் மட்டும். 16 போரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழையவற்றில் 65 மில்லிமீட்டர் அறை உண்டு. 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் தடையில்லாமல் உள்ளே போகும், ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், தோட்டாவின் மடித்த வாய் விரிந்த பிறகான நீளம். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். குழலின் அடியில் முத்திரையைப் படியுங்கள். படிக்க முடியாமல் தேய்ந்திருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளந்துகொள்ளுங்கள்.

பழையது வாங்கும்போது, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலையும் பாடியையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டக் டக் என்றால் கீல் தேய்ந்துவிட்டது. துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோல், மூடிய நிலையில் சற்று வலப்பக்கம் நிற்பது நல்லது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் பூட்டில் தேய்மானம். குழலைத் தனியே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணிச்சத்தம் வர வேண்டும். கரகரவென்றால் குழல்களுக்கு நடுவே பற்றவைத்த பட்டை எங்கோ விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் போன தண்ணீர் திரும்பி வராது.

விசை விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது: நம் ஊருக்கு இரட்டை விசை (குழலுக்கு ஒரு விசை) மேல். ஒற்றை விசையில் ஒரு வகை, முதல் வெடியின் உதையை வைத்துத்தான் அடுத்த குழலுக்கு மாறும். 20 போரில் லேசான தோட்டா போட்டால், அல்லது கட்டையைத் தோளில் சரியாக அழுத்தாவிட்டால், உதை போதாமல் இரண்டாம் முறை இழுக்கும்போது விசை செத்துக் கிடக்கும். உள்ளே எண்ணெய் பிசினாகியிருந்தாலும் இதே கதை. முதல் தோட்டா வெடிக்காமல் போனால் உதையே கிடையாது, மாறவும் மாறாது. ஈரம் குடித்த தோட்டா சகஜமான இடத்தில் இது சின்னக் குறை அல்ல. ஒற்றை விசைதான் வேண்டுமென்றால், உதையை நம்பாமல் தானே மாறும் மெக்கானிக்கல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

துருவுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையும் வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால் ஒரு இரவு போதும். ஓவர்-அண்டரில் துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அல்ல: முன்கட்டைக்கு உள்ளே, வெடித்த தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் ஓடும் பள்ளத்தில், குழலின் மேல் ஓடும் பட்டையின் கால்களுக்கு இடையில். பழைய பல் துலக்கும் பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், பழைய பனியன் துணி போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். சில மாதத்தில் பிசுக்காகி விசையைப் பிடிக்கும். எண்ணெய் போட்டபின் ஒரு நாள் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் இறங்கிக் கட்டையை ஊறவைத்துவிடும். தோல் உறை, கித்தான் உறை இரண்டும் எடுத்துப்போக மட்டும். அதிலேயே வைத்துப் பூட்டினால் உறை ஈரத்தை உறிஞ்சிக் குழலுக்குக் கொடுக்கும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். ஒப்படைக்கும் முன் உள்ளும் புறமும் மெல்லிய கிரீஸ் தடவி, குழல், பாடி, முன்கட்டை எல்லா இரும்பையும் படம் எடுத்து, ரசீதில் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள். திரும்பி வந்ததும் சுடுவதற்கு முன் குழலில் இருக்கும் கிரீஸை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். குழலில் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தால் அழுத்தம் ஏறும்.

தோட்டாவைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் ஜெல் நீலத்திலிருந்து வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்தால் அதை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். சுடும்போது தோட்டா வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து பிறகு திறக்க வேண்டும். சத்தம் புஸ்ஸென்று வந்தால் அடுத்ததைப் போடாதீர்கள். திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, குழலில் வாடு (ரவைக்கும் மருந்துக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே 12 போர் இருந்தால் 20 போர் தோட்டாவை அதே அலமாரியில் வைக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறையில் வழுக்கிப் போய், அறை தாண்டிய குறுகலில் நின்றுகொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். மேலே ஒரு 12 போர் தோட்டாவும் உள்ளே போகும், மூடும், வெடிக்கும்; குழல் கிழிவது முன்கட்டையைப் பிடித்திருக்கும் கைக்கு நேர் மேலே. 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். பழைய சரக்கில் வேறு நிறமும் வரும் என்பதால் நிறத்தை நம்பாமல் தோட்டாவின் அடித்தகட்டில் பொறித்த எண்ணைப் படித்துப் போடுங்கள். கிளப்புக்குக் கிளம்பும்போது சட்டைப் பையையும் தோட்டாப் பையையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டு, ஒரு போர் தோட்டாவை மட்டும் எடுத்துப் போங்கள்.