அத்தைகள் அசத்தல், ஜன்னல் பெட்டி சொதப்பல்

ஜோசப் கெஸ்ஸல்ரிங் எழுதி 1941இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய ‘ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ நகைச்சுவை நாடகம் அமெச்சூர் குழுக்களுக்கு எப்போதும் செல்லப்பிள்ளை. ஒரே வீடு, ஒரே செட், 14 பாத்திரங்கள். புரூக்ளினில் ஊரே மெச்சும் இரண்டு முதிய சகோதரிகள், நாதியற்ற கிழவர்களுக்கு எல்டர்பெரி வைனில் விஷம் கலந்து கொடுத்து நிலவறையில் புதைக்கிறார்கள். அதைத் தருமம் என்றே நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கையில், இப்போது இதை மேடையேற்றிய குழுவின் இரண்டு அத்தைகளும் இம்மி பிசகவில்லை. ஒரு கேலன் வைனுக்கு ஒரு டீஸ்பூன் ஆர்சனிக், அரை டீஸ்பூன் ஸ்ட்ரிக்னின், அப்புறம் ஒரு சிட்டிகை சயனைடு என்று மார்த்தா பக்குவம் சொல்லும் இடத்தைப் பாருங்கள். ‘சிட்டிகை’ என்றதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்கின்றன. அளவு கூடிவிட்டதோ என்று ஒரு கணம் விரலையே பார்க்கிறார். கண்ணடிப்பு இல்லை, குரலில் குறும்பு இல்லை. அரங்கம் அதிர்ந்தது.

மருமகன் மார்ட்டிமர்தான் அவசரக்காரர். ஜன்னலடிப் பெட்டியைத் திறந்து, பிணத்தைப் பார்த்து, மூடிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் அவருக்கு உறைக்க வேண்டும். இவரோ மூடி திறந்ததுமே அலறுகிறார். சிரிப்பு அந்த நாலு எட்டில்தான் இருக்கிறது. கைதட்டலுக்கு மேலேயே வசனம் பேசி, பாதியை விழுங்கவும் செய்தார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். முழுக்க அடங்கட்டும் என்று காத்திருந்தால் காட்சி படுத்துவிடும்.

பெட்டியே ஒரு தனிப் பிரச்சினை. நாலடி நீளத்தில் செய்திருந்ததால் ‘பிணத்தின்’ முழங்கால் இடித்து மூடி சரியாக உட்காரவில்லை. ஆறடி வேண்டும், அல்லது பின்பலகையைத் திறப்பாக விட்டால் நடிகர் செட்டுக்குப் பின்னால் ஊர்ந்து போய்விடலாம். விளிம்பில் ஃபெல்ட் துணி ஒட்டாததால் ஒவ்வொரு மூடலும் வெடிச்சத்தம். தன்னை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் என்றே நம்பும் இன்னொரு மருமகன் டெடி ‘சார்ஜ்!’ என்று மாடிப்படியில் பாயும்போதெல்லாம் சுவரே ஆடியது. பின்னால் முட்டுக்கட்டையும் மணல்மூட்டையும் போதவில்லை.

ராத்திரியில் பிணம் கைமாறும் காட்சிக்கு முழு இருட்டு கொடுத்தது பெரிய தப்பு. முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மங்கலான நீல விளக்கு இருந்தால் கூத்து முழுவதும் தெரிந்திருக்கும்.

அறுவை சிகிச்சையால் முகம் மாறிப்போன கொலைகார மருமகன் ஜொனாதன் பரவாயில்லை, முகத்தில் தையல் மேக்கப்தான் கொஞ்சம் தூக்கல்.

அத்தைகள் கொடுக்கும் கடைசிக் கோப்பை அடுத்த முதியவரின் உதட்டை நெருங்கும்போது திரை விழ வேண்டும். திரைக்காரருக்கு வசனத்தைக் குறிப்பாகக் கொடுத்திருந்தார்கள் போல; கையசைவைக் கொடுத்திருக்க வேண்டும். திரை வரவே இல்லை. பாவம், அந்த நடிகர் சாயத்தண்ணீரை நிஜமாகவே குடித்துவிட்டு, பக்கத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.