புல்லு வெட்டுற மெசினுக்கு எந்த டூ-ரீ ஒயில்? எட்டு வருசப் பாவனையில் கண்டது

ஒட்டுசுட்டானில் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியைத் துப்புரவாக்கத் தொடங்கிய வருசம் வாங்கிய மெசின் இது. தோளில் கொளுவுகிற வகை, காற்றில் குளிர்கிற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். காலபோக மழை ஓய்ந்து தை பிறந்தால் இலுக்கும் பார்த்தீனியமும் இடுப்பளவு நிற்கும். அதிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் வரைக்கும் கிழமைக்கு மூன்று நாள் மெசின் ஓடும். எட்டு வருசத்தில் மூன்று வகை ஒயில் ஊற்றிவிட்டேன்.

முதல் இரண்டு வருசம் பெற்றோல் செற்றில் கிடைத்த சாதாரண டூ-ரீ ஒயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலோடு கலந்து எரிகிற ஒயில். புகை கொஞ்சம் கூட, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருசம் முல்லைத்தீவிலிருந்து வந்த மச்சான் படகு எஞ்சினுக்கு ஊற்றுகிற ஒயிலில் நாலு லீற்றர் கான் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். "கடலுக்கே தாங்கிற ஒயிலடா, உன்ர காணிக்குத் தாங்காதே?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நல்ல ஒயில், புகையும் குறைவு. ஏழெட்டு மாதம் மனநிறைவோடு ஓட்டினேன்.

பிறகு ஆவணி வெயிலில் ஒரு நாள் மெசின் இழுவை விட்டது. சும்மா நிற்கும்போது சத்தம் சரியாக இருக்கும், புல்லுக்குள் விட்டால் அமர்ந்துவிடும். கயிற்றை இழுத்தால் கைக்குக் கனமே தெரியவில்லை. கராச்சில் சிலிண்டரைக் கழற்றிய தம்பி பிஸ்டனை என் கையில் தந்து, "அண்ணை, றிங்கை நகத்தால நெம்பிப் பாருங்கோ" என்றான். நெம்பினேன். அசையவில்லை. புகை வெளியேறுகிற பக்கம் முழுக்க மண்ணிறத்தில் வார்னிஷ் பூசியதுபோல் ஒரு படை. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையமான றிங் அதன் காடிக்குள்ளேயே ஒட்டிப்போயிருந்தது. அந்தப் பக்கத்தில் நீளவாக்கில் நாலைந்து கீறல்.

காரணம் பிறகுதான் விளங்கியது. படகு எஞ்சினைக் கடல்தண்ணீர் ஓயாமல் குளிர்த்திக்கொண்டே இருக்கும். அதற்கென்று செய்யும் ஒயிலின் போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்கும். சாம்பல் விடாத சேர்மானம் அது, தண்ணீரில் குளிர்கிற எஞ்சினின் சூட்டுக்கு அளந்து செய்தது. புல்லு வெட்டுற மெசின், செயின் சோ, முதுகில் சுமந்து மருந்தடிக்கிற மெசின் எல்லாம் காற்றில் குளிர்கிறவை, அதனால் சூடு மிகக் கூட. அந்தச் சூட்டில் பிஸ்டனைத் துப்புரவாக வைத்திருக்க வேறு சேர்மானம் வேண்டும். ஜப்பானியரின் ஜாசோ தரத்தில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று படிகள் உண்டு. எஃப்சி புகை குறைந்தது, எஃப்டி அதோடு கரி படியாமல் கழுவுவதிலும் மேலானது. மறுபக்கமும் இதே கதைதான்: காற்றில் குளிர்கிற மெசினுக்கான ஒயிலைப் படகுக்கு ஊற்றினால் அதிலுள்ள உலோகச் சேர்மானம் சாம்பலாகிப் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். மச்சானுக்கும் இதைச் சொல்லிவிட்டேன்.

போத்தலுக்குள் இருக்கும் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் வெறும் சாயம். பெற்றோலில் ஒயில் கலந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதற்காகப் போடுவது, தரத்தைச் சொல்வதல்ல. கடையில் "நீலம் தாங்கோ" என்று கேட்காமல் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பக்கத்துக் காணிக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ-50 ஐயே கலந்தார். அது எரிந்து போவதற்குச் செய்த ஒயில் அல்ல. இரண்டு மாதத்தில் சைலன்சர் வாய் கரியால் அடைத்துப் போனது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டினோம், எதை ஊற்றினாலும் ஓடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். ஓடியது உண்மைதான். ஆனால் எங்கள் அப்பா அடிக்கடி ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டியது எனக்கு நல்ல ஞாபகம். அந்தக் கைவேலைதான் எஞ்சினை உயிரோடு வைத்திருந்தது.

புதுப் பிஸ்டன் போட்ட நாளிலிருந்து ஜாசோ எஃப்டி மட்டும்தான். ஐந்து வருசமாகிறது. போன மாசி மாதம் சைலன்சரைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தேன்: றிங் சுதந்திரமாக அசைகிறது, பிஸ்டன் பக்கத்தில் கீறல் இல்லை, பிளக் இளமண்ணிறம். விலை சாதாரண ஒயிலை விடக் கூடத்தான். ஆனால் என் மெசினுக்கு 40க்கு 1 கலவை, ஒரு லீற்றர் போத்தல் 40 லீற்றர் பெற்றோலுக்குக் காணும். கூடுதல் விலையை நாற்பதாகப் பிரித்தால் ஒரு லீற்றருக்கு வருவது சில்லறைதான். அந்தப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் கொடுத்த காசை நினைத்தால் இதைக் கணக்கெடுக்கவே மனம் வராது.

அளவை மூடியால் அளக்காதீர்கள். பாமசியில் 20 மில்லி சிறிஞ்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு ஒரு சிறிஞ்ச் நிறைய, 40க்கு 1 என்றால் அதோடு இன்னும் 5 மில்லி, 25க்கு 1 என்றால் இரண்டு சிறிஞ்ச். எந்தக் கணக்கு என்பதை மெசினோடு வந்த புத்தகம் சொல்லும். "ஒயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லம்" என்று கூட்டி ஊற்றுகிறவர்கள் பலர். கூடினால் கரி மட்டுமல்ல, காபரேட்டர் வழியாகப் போகிற பெற்றோலின் பங்கும் குறைகிறது.

கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. 2022 இல் வரிசையில் நின்று எடுத்த பெற்றோலைக் கலந்து மூன்று மாதம் பொத்தி வைத்து, கடைசியில் காபரேட்டர் முழுக்கப் பிசினாகக் கண்டேன். இப்போது ஐப்பசி மழை இறங்குமுன் தாங்கியை வெறுமையாக்கி, மெசின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கொட்டில் வளையில் கொளுவிவிடுவேன். மிஞ்சிய கலவை ஊரிலேயே செயின் சோ வைத்திருக்கும் ஒருவருக்குப் போகும், போத்தலில் திகதியும் 40க்கு 1 என்பதும் எழுதி.